தோல் புற்றும் குருதிச் சான்றும்

எங்கள் வீரசோழன் சந்தையில் ஆடு பிடிக்க வருகிற குடியானவர், விற்பவர் சொல்லும் வயதைக் கேட்டுக்கொள்வார், ஆனால் நம்பமாட்டார். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்த பிறகே விலை பேசத் தொடங்குவார். பல் கண்ணெதிரே இருக்க, வாய்ச்சொல்லை நம்பி ஏமாறுவானேன் என்பது அவர் கொள்கை. இந்த எளிய அறிவு, உடம்பில் ஒரு புண்ணோ கட்டியோ தோன்றும்போது நம்மிடம் ஏனோ நிலைப்பதில்லை. புண் வெளியே தெரிகிறது. நாமோ இரத்தத்தைக் குழாயில் எடுத்துக் கொடுத்துவிட்டு, அச்சிட்ட தாள் என்ன சொல்கிறது என்று காத்திருக்கிறோம்.

இதை நான் பிறரைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. என் அத்தை மகன் ஒருவருக்கு நேர்ந்ததை அருகிலிருந்து கண்டவன் நான். எங்கள் வானம்பார்த்த பூமியில் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பலருக்குப் பிழைப்பு. அவர் இளமையில் மூட்டம் பிரிக்கும்போது நெருப்பில் கால் வைத்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே பெரிய தழும்பு நின்றது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அது வெறும் தழும்பாகவே இருந்தது. பின்னர் அதன் நடுவே ஒரு புண் எழுந்தது, ஆறவில்லை. ஓர் ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனை என்று சொல்லிச் சிலவற்றைச் செய்தார்கள். எல்லாம் இயல்பான அளவில் இருப்பதாகத் தாள் வந்தது. அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். புண்ணைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம், “அத்தான், இரத்தத்திலேயே ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனிக் கவலை எதற்கு?” என்பார். நானும் படித்தவன், பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்தவன். இருந்தும் அந்தத் தாளை மறுத்துப் பேச எனக்குத் தெரியவில்லை. அவர் கதையின் முடிவைப் பின்னர்ச் சொல்கிறேன். அந்தத் தாள் எங்கிருந்து வந்தது, அதற்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதைப் பிற்பாடு நான் தேடிப் படித்தேன். படித்ததையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

புற்றுநோய் உடம்பில் வளரும்போது சில பொருள்கள் இரத்தத்திலோ சிறுநீரிலோ மிகுதியாகக் கலக்கின்றன. அவற்றை ஆய்வுக்கூடத்தார் ‘டியூமர் மார்க்கர்’ என்பர். நாம் கட்டிக் குறிப்பான் என்று சொல்லலாம். இவ்வகையில் முதன்முதல் அறியப்பட்டதன் வரலாறு 1845ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் தொடங்குகிறது. அங்கு ஒரு மளிகை வணிகர் எலும்பு நோவால் வருந்தினார். அவருடைய சிறுநீர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவ வேதியியல் அறிஞரிடம் அனுப்பப்பட்டது. அதைச் சூடாக்கினால் வெண்மையான படிவு தோன்றியது, கொதிக்கவிட்டால் கரைந்தது, ஆறவிட்டால் மீண்டும் தோன்றியது. இந்த வியப்பான புரதத்தை அவர் 1847இல் விவரித்தார். அது எலும்பு மச்சையில் எழும் ஒருவகைப் புற்றின் அடையாளம் என்பது நிலைபெற்றது. இன்றும் அதற்கு அவர் பெயரே வழங்குகிறது.

அதன்பின் நூறாண்டுக்கு மேல் இத்துறை மெல்ல நடந்தது. இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள பொருளை அளக்க வழி இல்லாமையே அதற்குக் காரணம். ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் என்ற இருவர் நியூயார்க்கில் 1950களின் இறுதியில் கதிரியக்க முறையால் அத்தகைய பொருள்களை அளக்க வழி கண்டனர். யாலோ அம்மையார் 1977இல் நோபல் பரிசு பெற்றார். 1963இல் சோவியத் நாட்டின் அபெலெவ் என்பார், கல்லீரல் கட்டியுள்ள எலிகளின் இரத்தத்தில், கருவில் மட்டுமே இருக்கவேண்டிய ஒரு புரதத்தைக் கண்டார். 1965இல் கனடா நாட்டில் கோல்டு, பிரீட்மன் என்ற இருவர் பெருங்குடல் புற்றில் மற்றொன்றைக் கண்டனர். 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்போர் ஒரே தன்மையுள்ள எதிர்ப்பொருள்களை வேண்டிய அளவு உண்டாக்கும் முறையைக் கண்ட பின்பு, குறிப்பான்கள் பெருகின. சூலகத்துக்கு ஒன்று, புரோஸ்டேட் சுரப்பிக்கு ஒன்று எனப் பட்டியல் நீண்டது. ஒரு துளி இரத்தத்தால் எந்தப் புற்றையும் கண்டுவிடலாம் என்ற நம்பிக்கையும் அதனோடு வளர்ந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மனத்தில் கொள்ளவேண்டும். கல்லீரலும் சூலகமும் உடம்பின் உள்ளே இருப்பவை. அங்கு நடப்பதைக் கண்ணால் காண முடியாது. ஆகையால் மறைமுகச் சான்றுக்கு அங்கே மதிப்பு உண்டு. தோலோ உடம்பின் மேற்போர்வை. அங்கு எழும் நோயை மருத்துவர்கள் தொடக்கமுதல் கண்ணாலும் கத்தியாலும் நுண்ணோக்கியாலுமே அறிந்து வந்தனர். 1804இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னக் கருமைநிறப் புற்றைப் பற்றிப் பாரிசில் உரையாற்றினார். 1827இல் டப்ளின் நகரத்து ஆர்தர் ஜேக்கப், முகத்தில் தோன்றி மெல்ல மெல்ல அரித்துச் செல்லும் புண்ணை விவரித்தார். அடுத்த ஆண்டிலேயே பாரிசில் மார்ஜொலின் என்பார், பழைய தழும்புகளின்மேல் எழும் புண்களைப் பற்றி எழுதினார். தழும்பில் தோன்றும் புற்றுக்கு இன்றளவும் மார்ஜொலின் புண் என்றே பெயர். 1879இல் பெனியே என்ற தோல் மருத்துவர், உயிருள்ளவர் உடம்பிலிருந்து சிறு துண்டு எடுத்து ஆராய்வதற்குப் ‘பயாப்சி’ என்று பெயரிட்டார். ஒன்றே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், தோல் புற்றை உறுதிசெய்வதில் அந்தத் துண்டுக்கு நிகரான சான்று வேறொன்றும் வரவில்லை.

நம் நாட்டு வரலாறும் இதையே சொல்கிறது. காஷ்மீரத்து மக்கள் குளிர் தாங்காமல், தணல் நிரப்பிய காங்கிரி என்னும் மண்சட்டியை மேலாடைக்குள் வைத்துக்கொள்வர். அதனால் வயிற்றிலும் தொடையிலும் சூடுபட்டு, நாளடைவில் புற்று எழுவதை எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866இல் எழுதினார். இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டும் பழக்கத்தால், அதே இடம் ஆண்டுக்கணக்காக உராய்ந்து புண்ணாகி, புற்றாக மாறுவதும் நம் நாட்டில் அறியப்பட்டதே. அதற்கு வேட்டிப் புற்று என்றே பெயர். வெள்ளையருக்கு வெயிலால் வருகிற தோல் புற்று, கருநிறம் காக்கும் நமக்கு அவ்வளவாக வருவதில்லை. நமக்கு வரும்போது, ஆறாத புண்ணிலும் தீத்தழும்பிலும் தொழுநோயால் உணர்விழந்த பாதத்தின் புண்ணிலும் அது மறைந்து வருகிறது. கருமைநிறப் புற்றும் நம்மவர்க்கு உள்ளங்காலிலும் நகத்தடியிலும் தோன்றுவதே மிகுதி. செருப்பில்லாமல் நடந்த தலைமுறையினர் உள்ளங்காலை யார் பார்த்தார்கள்?

காலைப் பற்றிப் பேசும்போது, எங்கள் பக்கத்து மதுரையின் பெயர் உலக மருத்துவ நூல்களில் ஏறிய வரலாற்றையும் சொல்லவேண்டும். 1842இல் மதுரையில் இருந்த கில் என்னும் மருத்துவர், பாதம் வீங்கிப் பல துளைகளாகச் சீழ் வடியும் ஒரு நோயைக் குறித்தார். அதுவே ‘மதுரைக் கால்’ எனப் பெயர் பெற்றது. முள் குத்திய வழியே பூஞ்சையும் வேறு நுண்ணுயிரும் மண்ணிலிருந்து புகுவதால் வருவது அது, புற்றன்று. ஆனால் தோற்றத்தில் புற்றென மயங்க வைக்கும். வடிகிற சீழில் கருப்பாகவோ வெளுப்பாகவோ செந்நிறமாகவோ சிறு மணிகள் இருக்கும். அம்மணிகளைக் கண்டால் நோய் இன்னதெனத் தெளியலாம். இங்கும் சான்று புண்ணிலேயே இருப்பதைக் காண்க.

இனி, எங்கள் சீமையோடு தொடர்புடைய பெரியதொரு நிகழ்ச்சிக்கு வருகிறேன். வீரசோழனுக்கு அண்மையில், குண்டாற்றங்கரையில் உள்ளது திருச்சுழி. அங்கே 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் பிறந்தவர் வேங்கடராமன். 1896இல் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குச் சென்று, இரமண மகரிஷி என உலகம் அறிய வாழ்ந்தவர் அவரே. 1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய இடக்கையில் முழங்கையருகே ஒரு சிறு கட்டி தோன்றியது. பெரிதாக நினைக்கத்தக்கதாக அது தோன்றவில்லை. பிப்ரவரியில் அதை அறுத்து எடுத்தனர். ஒரு மாதத்திற்குள் அது மீண்டும், முன்னிலும் பெரிதாக எழுந்தது. மார்ச்சு மாத இறுதியில் சென்னை மருத்துவர் வந்து இரண்டாம் முறை அறுவை செய்தார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அது சார்க்கோமா என்னும் கொடிய வகை என்பது தெளிவாயிற்று. ரேடியம் வைத்தும் மருத்துவம் செய்தனர். கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் கூறியதற்கு அவர் இசையவில்லை. ஆகஸ்டில் மூன்றாவது அறுவையும் டிசம்பரில் நான்காவதும் நிகழ்ந்தன. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு அவர் மறைந்தார்.

அது தோலின் மேற்படலத்தில் எழுந்த புற்று அன்று. தோலுக்கடியில் உள்ள இணைப்புத் திசுவில் எழும் வகையைச் சேர்ந்தது. ஆயினும் நம் பொருளுக்கு அது மிக நெருங்கிய பாடம். அக்காலத்தில் கதிரியக்க அளவை முறையும் இல்லை. குறிப்பான்களின் பட்டியலும் இல்லை. இருந்திருந்தால் முன்னதாகவே தெரிந்திருக்குமோ என்று ஒருவர் கேட்கலாம். இல்லை என்பதே விடை. முக்கால் நூற்றாண்டு கடந்த இன்றும், அத்தகைய கட்டியை இன்னதென உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை இல்லை. இன்று அதே கட்டி வேறு ஒருவர் கையில் தோன்றினால், படமெடுத்துப் பார்த்து, ஊசியால் துண்டெடுத்து, அறுவைக்கு முன்பே நுண்ணோக்கியில் காண்பார்கள். முதல் அறுவைக்கு முன்பே அறிவது என்பதுதான் இக்காலத்து முன்னேற்றம். அது இரத்தக் குழாயால் வந்ததன்று. துண்டை எடுக்கும் முறை திருந்தியதால் வந்தது.

சரி, தோல் புற்றுக்கென்று குறிப்பான்களே இல்லையா? உண்டு. 1977இல் ஜப்பானியர் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தனர். செதிலணுப் புற்றுக்கு அதைக் குறிப்பானாகக் கொண்டனர். என் அத்தை மகனுக்கு வந்ததும் செதிலணுப் புற்றே. ஆனால் தோலில் எழுந்த சிறு புற்று அப்பொருளை இரத்தத்தில் உயர்த்தாமலே இருக்கக்கூடும். மாறாக, சொரியாசிஸ் என்னும் செதில்படையும் கரப்பானும் உள்ளவர்க்கு, புற்று இல்லாமலே அது உயர்ந்து நிற்கும். குற்றவாளியை விட்டுவிட்டு வழிப்போக்கனைப் பிடிக்கும் காவற்காரனை என்னென்பது?

கருமைநிறப் புற்றுக்கு எஸ் 100 என்ற புரதம் உண்டு. 1965இல் மூர் என்பவர் மாட்டு மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அம்மோனியம் சல்பேட்டு முழுச்செறிவாக, அதாவது நூறு விழுக்காடு, கரைந்துள்ள நீரிலும் அது கரைந்து நிற்பதால் அப்பெயர் வந்தது. நோய் உடம்பெங்கும் பரவிய பின்பு இது இரத்தத்தில் உயர்கிறது. நோய் தோலளவில் இருக்கும் தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கிறது. மருத்துவரால் காக்க முடிகிற காலத்தில் அது மௌனம் சாதிக்கிறது. தலையில் அடிபட்டாலும் அது உயரும். எல். டி. எச். என்னும் நொதியும் அப்படியே. ஈரல் நோயிலும் மாரடைப்பிலும் இரத்த அணுக்கள் சிதையும்போதும் அது மிகும்.

வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒரு கணக்கைச் சொல்கிறேன். இது எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்துக்கொண்ட கணக்கு. ஒரு சீமையில் ஆயிரம் பேர். அவர்களுள் ஒருவருக்கு நோய். நூறு நலமுள்ளவர்களில் ஐவரைத் தவறாக நோயாளி என்று சொல்லும் பரிசோதனை ஒன்றை ஆயிரம் பேருக்கும் செய்கிறோம். நோயுள்ள ஒருவரை அது சரியாகவே காட்டிவிடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். அவரோடு நலமுள்ள ஏறத்தாழ ஐம்பது பேரும் நோயாளிகள் என்று பெயர் வாங்குவர். ஐம்பத்தொரு குடும்பங்களில் ஐம்பது குடும்பங்கள் காரணமின்றி அழும், கடன் வாங்கும். அந்த ஒருவரையும் அது தவறவிடுமானால், அவர் சட்டைப்பையில் ஒரு தாளோடு நிம்மதியாக இருப்பார். அரிய நோயைத் தேடிப் பொதுமக்கள் எல்லோருக்கும் குறிப்பான் பரிசோதனை செய்யலாகாது என்று அறிஞர் கூறுவதன் கருத்து இதுவே.

நிற்க. குறிப்பான்கள் பயனற்றவை என்று நான் சொன்னதாக யாரும் கொள்ளவேண்டா. எந்தக் கருவிக்கும் அதற்குரிய வேலை உண்டு; கதிர் அரிவாளைக் கொண்டு மரம் பிளக்க முடியாது. துண்டெடுத்த திசுவின்மேல் இதே எஸ் 100 முதலியவற்றைச் சாயம்போல் ஏற்றிப் பார்க்கும்போது, நுண்ணோக்கியில் மயக்கம் தரும் அணு எந்த வகையது என்று தெளிகிறது. 1980களில் எச். எம். பி. 45 என்ற எதிர்ப்பொருளும், 1990களில் மெலன் ஏ என்பதும் இவ்வேலைக்கு வந்து சேர்ந்தன. ஆகக் குறிப்பான்கள் தோல் புற்றை அறிவதில் துணைபுரிவது இரத்தத்தில் அன்று, திசுவில். நோய் பரவிய பின்பு அதன் கடுமையை மதிப்பிட எல். டி. எச். உதவுகிறது, அமெரிக்க நிலைப்பகுப்பு முறையில் 2002இல் அது இடம் பெற்றது. அதே 2002இல், கருமைநிறப் புற்றுகள் பலவற்றில் பிராஃப் என்னும் மரபணு மாறியிருப்பது கண்டறியப்பட்டது. அம்மாற்றம் உள்ளவர்களுக்கென்றே அமைந்த மருந்து 2011இல் வழக்கத்துக்கு வந்தது. இது குறிப்பான் துறையின் மெய்யான வெற்றி.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பே, 1970இல், பிரெஸ்லோ என்ற நோயியலறிஞர் மிக எளிய ஓர் அளவைத் தந்திருந்தார். அறுத்தெடுத்த கருமைநிறப் புற்று தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் சென்றிருக்கிறது என்பதே அது. 1 மில்லிமீட்டருக்கு உட்பட்ட நிலையில் எடுத்துவிட்டால் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். ஆழம் கூடக்கூட நம்பிக்கை குறைகிறது. ஆழம் கூடுவது நாம் காலம் தாழ்த்துவதால்தான்.

இப்போது என் அத்தை மகனின் கதையை முடிக்கிறேன். பத்து மாதம் அந்தத் தாளை நம்பியிருந்தார். புண்ணின் ஓரம் தடித்துப் பூக்கோசுபோல் மேலெழும்பி, நாற்றம் வீசத் தொடங்கிய பிறகே மதுரைக்குச் சென்றோம். அங்கிருந்த மருத்துவர் தாளை ஒருமுறை பார்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு புண்ணின் ஓரத்திலிருந்து துவரம்பருப்பு அளவு துண்டு எடுத்தார். சில நாளில் விடை வந்தது. நோய் எலும்பைத் தொட்டுவிட்டபடியால் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கவேண்டியதாயிற்று. அவர் பிழைத்தார், இன்றும் இருக்கிறார். ஊன்றுகோலோடு கண்மாய்க் கரை வரை வருவார். “மாப்பிள்ளை, அன்றே நான் உம்மை வற்புறுத்தி அழைத்துச் சென்றிருக்க வேண்டும்” என்று ஒருநாள் சொன்னேன். “தாளில் அச்சடித்திருந்ததே அத்தான், அச்சடித்ததைப் பொய் என்று யார் நினைப்பார்?” என்றார். அச்சடித்ததை நம்பும்படி நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் நான். எனக்கு மறுமொழி தோன்றவில்லை. தாளில் இருந்தது பொய்யும் அன்று. கேட்ட கேள்விதான் தவறானது.

நம் மாநிலத்தில் உதவிக்குக் குறைவில்லை. தம் தங்கை புற்றுநோயால் 1923இல் இறந்த துயரை நெஞ்சில் தாங்கி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பல்லாண்டு போராடினார். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூனில் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. அடுத்த ஆண்டில் அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அதற்கே வாழ்ந்தார். தொடக்கத்தில் கண்டால் புற்று குணமாகும் என்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் மக்களுக்கு எடுத்துச் சொல்லி வந்தார். எங்கள் விருதுநகரிலும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முன்போல் ஒவ்வொன்றுக்கும் சென்னைக்கு இரயிலேற வேண்டியதில்லை.

எனவே நேயர்களுக்கு நான் வேண்டுவது சிறிது. ஒரு மாதத்தில் ஆறாத புண், பழைய தழும்பில் புதிதாக எழுந்த புண், வடிவமோ நிறமோ மாறுகிற மச்சம், அடிபடாமலே நகத்தடியில் தோன்றிய கருங்கோடு, தோலுக்கடியில் நாளுக்குநாள் வளர்கிற கட்டி ஆகியவற்றைத் தோல் மருத்துவரிடமோ அறுவை மருத்துவரிடமோ காட்டுங்கள். அவர் துண்டெடுக்க வேண்டும் என்றால் அஞ்சாதீர்கள். துண்டெடுத்தால் நோய் பரவும் என்று ஊரார் சொல்வதைச் செவியில் வாங்காதீர்கள், பரவுவது காத்திருப்பதனால்தான். தாமாகவே போய்ப் புற்றுக்கான இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு என்று பணம் கட்டாதீர்கள். வீட்டில் முதியவர் இருந்தால், வாரம் ஒருநாள் அவர் உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். காலைத் தூக்கிப் பார்க்க அவர்களால் குனிய முடியாது. பார்க்கவேண்டியவர்கள் நாம்தாம்.